வீட்டைச் சுற்றிக் கல் பாவுதல்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலோ மும்பையிலோ ஐதராபாத்திலோ பல ஆண்டுகள் வாடகை வீட்டில் காலங்கழித்து, பின்னர் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்துச் சொந்தமாக ஒரு வீட்டை அமைத்துக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவ்வாறு வீடு அமைப்போர், சமையலறை, குளியலறை, பூசையறை என்று உள்ளே செய்ய வேண்டியவற்றையெல்லாம் செய்து முடித்த பின்னர், மிஞ்சிய பணத்தைக் கொண்டு மிஞ்சிய நாட்களில் செய்வது, வீட்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் கல் பாவும் வேலையாகும். கடைசியில் செய்வதால் அதனை அவசரமாகச் செய்கிறோம். எளிய வேலை என்று எண்ணுவதால் மேற்பார்வையின்றியும் செய்துவிடுகிறோம். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் கற்கள் ஆட்டம் காண்கின்றன. வாசலில் நீர் தேங்குகிறது. சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கும் முதிய பெற்றோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் துன்பமும் நேர்கிறது. இவற்றைத் தவிர்க்கும் வழிகளைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

கல் பாவுதல் என்பது மண்ணை மூடி அழகுபடுத்தும் வேலை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது நீருக்கு வழி வகுக்கும் வேலை. மண் தரையாக இருந்தவரையில் மழைநீரில் ஒரு பகுதியை மண்ணே குடித்துவந்தது. அதனைக் கல்லால் மூடியவுடன் அந்நீர் வேறு போக்கிடம் தேடத் தொடங்குகிறது. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 50 சதுர மீட்டர் பரப்புள்ள முற்றத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் நீர் 1,000 லிட்டர். தில்லியில் சராசரியாக ஆண்டொன்றுக்கு 700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மும்பையிலோ 2,000 மில்லிமீட்டருக்கு மேல். ஆகவே, அதே முற்றத்தில் ஓராண்டில் தில்லியில் 35,000 லிட்டருக்கும், மும்பையில் ஒரு லட்சம் லிட்டருக்கும் குறையாத நீர் விழுகிறது. இவ்வளவு நீரும் எங்கே போகும் என்னும் கேள்விக்கு விடை கண்ட பின்னரே, எந்தக் கல், என்ன நிறம், என்ன விலை என்னும் கேள்விகளுக்கு வருதல் முறை.

நீர் ஓடுவதற்காகத் தரையில் வைக்கும் சாய்வை நம் ஊர்க் கொத்தனார்கள் 'வாட்டம்' என்பார்கள். அழகான சொல், ஆனால் பிற மாநிலத்துக் கொத்தரிடம் அது செல்லாது. இந்தியில் 'டால்' என்றும், மராத்தியில் 'உத்தார்' என்றும், தெலுங்கில் 'வாலு' என்றும், கன்னடத்தில் 'இளிஜாரு' என்றும் இதனைச் சொல்ல வேண்டும். புதிய ஊரில் மொழி முழுவதும் கைவராத நிலையிலும், இந்த ஒரு சொல்லை மட்டுமாவது தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொள்வது நலம். வேலை தொடங்குமுன், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்திற்கு வாட்டம் என்பதை ஒரு தாளில் அம்புக்குறியிட்டு வரைந்து காட்டிவிட்டால், பின்னர் மொழியின் பெயரால் தகராறு எழ இடமில்லை.

வாட்டம் எவ்வளவு வேண்டும்? ஒரு மீட்டர் தொலைவுக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் என்பது பொதுவாகப் போதுமானது. மூன்று மீட்டர் அகலமுள்ள முற்றமாயின், சுவரடியைக் காட்டிலும் வெளி ஓரம் 6 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதனைத் தீர்மானிக்க இயலாது. இரு முனைகளிலும் முளையடித்து, நீர் நிரப்பிய தெளிவான குழாயைக் கொண்டு மட்டம் எடுத்து, பிறகு ஒரு முனையில் நூலைத் தேவையான அளவு இறக்கிக் கட்ட வேண்டும். சாய்வு எப்பொழுதும் வீட்டை விட்டு விலகும் திசையிலேயே இருக்க வேண்டும். எனினும், அது அண்டை வீட்டாரின் சுவரை நோக்கியதாக இருத்தலாகாது. நம் வீட்டு ஈரத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைத்து நாம் உலர்ந்திருப்பது நல்ல அயலார்க்கு உரிய செயல் அன்று. பல வழக்குகளுக்கும் அதுவே வித்து.

இதனோடு உயரத்தையும் கவனிக்க வேண்டும். மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறாதிருப்பதற்காக, அடிமேடையின் மட்டத்தில் சுவரின் குறுக்கே ஒரு காப்புப் பூச்சு இடப்படுகிறது. பாவப்பட்ட தரையின் மேல்மட்டம் அந்தப் பூச்சுக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே இருத்தல் வேண்டும். பெருநகரங்களில் தெருவுக்கு மீண்டும் மீண்டும் தார் போடுவதால் தெருவின் மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. அதற்கு ஈடாக நாமும் முற்றத்தை உயர்த்திக்கொண்டே போனால், ஒரு நாள் காப்புப் பூச்சு மண்ணுக்குள் புதைந்துவிடும். அதன் பிறகு சுவரில் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் நில்லாது. அத்தகைய இடங்களில் முற்றத்தை உயர்த்துவதற்குப் பதிலாக, வாயிற்கதவின் ஓரத்தில் இரும்புச் சட்டத்தால் மூடிய ஒரு சிறு கால்வாய் அமைத்து, நீரை உறிஞ்சுகுழிக்கோ வடிகாலுக்கோ கொண்டு செல்வதே தக்க வழி.

அடுத்தது, கல்லுக்கு அடியில் உள்ள மண். பாரத நாடு முழுவதும் ஒரே வகை மண் இல்லை. பெங்களூரின் செம்மண் நன்கு இறுகி நிற்கும். தில்லியைச் சுற்றியுள்ள வண்டல் மண், நீர் புகுந்தால் அரித்துக்கொண்டு போகும். மும்பையில் கடலைத் தூர்த்து மேடாக்கிய பகுதிகள் பல. அங்கே தரை நெடுங்காலம் அமிழ்ந்துகொண்டே இருக்கக்கூடும். புனே, நாகபுரி, இந்தூர் முதலிய இடங்களிலும் ஐதராபாத்தின் சில பகுதிகளிலும் காணப்படும் கரிசல் மண்ணோ, மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. கோவில்பட்டி வட்டாரத்து மக்களுக்கு அம்மண்ணின் குணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. கரிசல் தரையில் கல் பாவுவோர், மேல் மண்ணைச் சற்று ஆழமாகவே அகற்றி, அவ்விடத்தில் சரளை மண்ணைக் கொட்டி இறுக்க வேண்டும். மராத்தி நாட்டில் இச்சரளையை 'முரும்' என்று கேட்டு வாங்கலாம்.

எவ்வகை மண்ணாயினும், தோண்டும் ஆழத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கல்லின் கனம் 6 சென்டிமீட்டர், மணற்படுக்கை 3 சென்டிமீட்டர், அதன் கீழ் ஜல்லிப் படுக்கை 10 முதல் 15 சென்டிமீட்டர். ஆகமொத்தம் ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர். வேர்கள், மரத்துண்டுகள், கட்டட இடிபாடுகள் ஆகியவற்றை முற்றிலும் அகற்ற வேண்டும். வீடு கட்டியபோது மிஞ்சிய உடைசலை அங்கேயே போட்டு மூடிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. தரை பின்னர் பள்ளம் விழுவதற்கு முதற்காரணம் அதுவே. ஜல்லியை ஒரே முறையில் கொட்டி மேலே தட்டினால் அடிப்பகுதி இறுகாது. சுமார் 8 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையாலோ அதிர்வு இயந்திரத்தாலோ நன்கு இறுக்கி, பிறகே அடுத்த அடுக்கைப் பரப்ப வேண்டும். மேலே பாவும் கல்லுக்கு ஆகும் செலவை எல்லாரும் காண்பார்கள். கீழே இறுக்கும் வேலையை ஒருவரும் காணமாட்டார்கள். ஆனால் தரையின் ஆயுளைத் தீர்மானிப்பது காணப்படாத அந்த வேலைதான்.

இனி, கல்லின் வகைகளைப் பார்ப்போம். வட இந்தியாவில் வாழ்வோர்க்கு எளிதில் கிடைப்பது கோட்டாக் கல். இராஜஸ்தானத்தில் கோட்டா மாவட்டத்து ராம்கஞ்ச் மண்டிச் சுற்றுவட்டாரத்தில் வெட்டியெடுக்கப்படும் இது, பசுமை கலந்த நீல நிறமும் பழுப்பு நிறமும் கொண்ட சுண்ணாம்புக் கல். கருநாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் சகாபாத்தும், தெலுங்கானாவில் தாண்டூரும், ஆந்திரத்தில் கடப்பையும் இவ்வகைப் பலகைக் கற்களுக்குப் பெயர்பெற்றவை. கடப்பைக் கல்லை நம் சமையலறை மேடைகளில் காணாதவர் இலர். தோல்பூர், கரௌலி ஆகிய இடங்களிலிருந்து வருவது மணற்கல். தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பயன்பட்டதும் தோல்பூர்க் கல்லே. இவை எல்லாவற்றிலும் முற்றத்திற்கு ஏற்றது மெருகிடாத சொரசொரப்பான பரப்புடைய கல். கண்ணாடி போல மின்னும் கல் கூடத்திற்கு ஆகும். மழை படும் வாசலுக்கு ஆகாது.

இக்காலத்தில் மிகுதியாகப் பயன்படுவன அச்சில் வார்த்த சிமெண்டுப் பாவுகற்கள். இவற்றுக்கென 2006-ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15658 என்னும் தரநிலையை வெளியிட்டது. நடைபாதைக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் கனமும், கார் நிற்கும் இடத்திற்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் கனமும் உள்ள கற்களை வாங்குவது வழக்கம். கல்லின் முனையை விரலால் அழுத்திப் பார்த்தால் பொடிப்பொடியாக உதிருமாயின், அதனை வாங்காமல் விடுவதே நன்று.

சிமெண்டுப் பாவுகற்களை மணற்படுக்கையின் மேல் அமைக்கும்போது, முதலில் ஓரக்கற்களைக் கான்கிரீட்டில் உறுதியாக நட்டுவிட வேண்டும். ஓரம் கட்டுப்படாத தரை, கரையில்லாத ஏரியை ஒக்கும். கற்கள் நாளடைவில் விலகிப் பரவும். பின்னர்ப் பருமணலை 3 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பிச் சட்டத்தால் இழுத்துச் சமன்செய்து, அதன் மேல் மிதிக்காமல் ஒரு மூலையிலிருந்து கற்களை அடுக்கிக்கொண்டு செல்ல வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. கார் ஏறும் இடங்களில் மீன்முள் போன்ற அமைப்பில் அடுக்கினால், சக்கரத்தின் தள்ளுதலைக் கற்கள் ஒன்றோடொன்று பகிர்ந்து தாங்கும். அடுக்கியபின் அதிர்வு இயந்திரத்தால் இறுக்கி, உலர்ந்த நுண்மணலைத் துடைப்பத்தால் இடைவெளிகளில் தள்ளி, மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். இவ்வமைப்பின் சிறப்பு, பின்னொரு நாள் அடியிலுள்ள குடிநீர்க் குழாயைப் பழுதுபார்க்க நேர்ந்தால், கற்களை உடைக்காமல் எடுத்து மீண்டும் வைக்கலாம் என்பதாகும்.

ஆனால் சுவரை ஒட்டிய பகுதியில் மட்டும் மணல் இடைவெளி கூடாது. நீர் அதன் வழியே அடித்தளத்தில் இறங்கும். அங்கே 60 முதல் 90 சென்டிமீட்டர் அகலத்திற்கு நீர் புகாத தளம் வேண்டும். இறுக்கிய செங்கல் ஜல்லிப் படுக்கையின் மேல் 5 சென்டிமீட்டர் கான்கிரீட் இடுவது மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டடங்களில் நெடுநாளாக வழங்கிவரும் முறை. அதன் மேல் கோட்டா அல்லது சகாபாத் பலகையைச் சிமெண்டுக் கலவையில் பதிக்கலாம். கலவை கல்லின் அடியில் முழுவதும் பரவியிருக்க வேண்டும். நான்கு மூலையில் மட்டும் உருண்டை வைத்துப் பதித்த கல் நடுவில் உடையும். விரலால் தட்டும்போது பொள்ளல் ஓசை எழுந்தால் அதனை உடனே எடுத்துப் பதிக்கச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் நீர் ஊற்றி ஈரம் காத்தல் இன்றியமையாதது.

நேயர்களே, கல்லை அறுக்கும்போது எழும் தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மணற்கல், கருங்கல், கான்கிரீட் ஆகியவற்றில் சிலிக்கா என்னும் பொருள் மிகுந்துள்ளது. உலர்ந்த கல்லை இயந்திரத்தால் அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள்கள் நுரையீரலில் படிந்து, காலப்போக்கில் மூச்சையே சுருக்கிவிடுகின்றன. 'சிலிகோசிஸ்' எனப்படும் இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. கற்சுரங்கங்கள் மிகுந்த இராஜஸ்தான மாநிலம் இதற்கெனத் தனிக் கொள்கையொன்றை 2019-ஆம் ஆண்டில் வகுக்க நேர்ந்தது என்றால், இதன் கொடுமையை உணரலாம். நம் வாசலில் குந்தி அமர்ந்து கல் அறுக்கும் தொழிலாளியும் நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவராக இருக்கக்கூடும். கல்லின் மீது நீர் விட்டுக்கொண்டே அறுக்கச் செய்வதற்கு ஒரு குழாயும் ஒரு வாளியும் போதும். வாயில் கட்டும் துண்டு இத்தூசியைத் தடுக்காது. தகுந்த முகக்காப்பை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. மின்கருவியும் நீரும் ஒன்று சேரும் இடமாதலால், நீர் விட்டு அறுப்பதற்கென்றே செய்த இயந்திரமா என்பதையும், மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம் உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

முற்றம் முழுவதையும் ஓரங்குலம் விடாமல் மூடிவிட வேண்டும் என்னும் ஆசையையும் நாம் அடக்கிக்கொள்ள வேண்டும். வேம்போ மாவோ நிற்கும் இடத்தில் அடிமரத்தை நெருக்கிக் கல் பதித்தால், வேர்களுக்கு நீரும் காற்றும் கிட்டாமல் மரம் மெல்ல மெல்ல மெலியும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டில், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றுமாறு ஆணையிட்டது. நம் வீட்டு மரத்திற்கும் அந்த ஒரு மீட்டரையாவது விடுவோம். வடக்கின் கோடையில் கல் தரை பகலெல்லாம் வெயிலை உண்டு இரவெல்லாம் அதனைக் கக்கும். மண்ணும் நிழலும் உள்ள மூலையே அப்பொழுது ஆறுதல்.

தமிழ் இல்லங்களுக்கு உரிய தேவையொன்றும் உண்டு. நாள்தோறும் நீர் தெளித்துக் கோலமிடும் வாசல் அது. இணைப்புகள் மிகுந்த சிறு பாவுகற்களின் மேல் புள்ளியும் இழையும் சரிவர அமையா. ஆகவே, வாயிற்படிக்கு எதிரே மட்டும் மெருகிடாத கோட்டாப் பலகைகளைச் சேர்த்து, ஒரு மீட்டர் சதுரத்திற்கு ஒரே சீரான தளம் அமைத்துக்கொள்ளலாம். கருமை கலந்த அக்கல்லில் மாக்கோலம் எடுப்பாகத் தோன்றும். தினமும் நீர் தெளிக்கும் இடமாதலால் அங்கே வாட்டம் தவறவே கூடாது. வேலையைக் குறைப்பதற்காகப் பளபளக்கும் வண்ணத்தால் நிலையான கோலம் தீட்டுவோர், நனைந்தபோது அவ்விடம் வழுக்கும் என்பதை மறக்கலாகாது.

பராமரிப்பு எளியது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது. நாள்தோறும் பெருக்குவதால் இடைவெளிகளில் மண் சேர்ந்து புல் முளைப்பது குறையும். முளைத்த புல்லை மழைக்கு முன்பே வேரோடு பிடுங்குவது எளிது. மும்பையில் ஜூன் இரண்டாம் வாரத்திலும், தில்லியில் ஜூன் இறுதியிலும் பருவமழை தொடங்குவது வழக்கமாதலால், மே மாதத்தில் ஒரு நாளைத் தரையைச் சோதிப்பதற்கென ஒதுக்கலாம். ஒரு வாளி நீரை ஊற்றி அது ஓடும் வழியைப் பார்த்தல், கால்வாயில் சேர்ந்த இலைகளை எடுத்தல், மணல் குறைந்த இடைவெளிகளை நிரப்புதல் ஆகிய மூன்றும் அன்றைய வேலைகள். ஓரிடம் பள்ளம் விழுந்திருந்தால், அதன் மேல் சிமெண்டைப் பூசி மறைத்தலாகாது. கற்களை எடுத்து, அடியில் ஜல்லியும் மணலும் இட்டு இறுக்கி, அதே கற்களை மீண்டும் வைக்க வேண்டும். தேங்கிய தெளிந்த நீரில் டெங்குக் கொசு முட்டையிட்டு, வெப்பமான நாட்களில் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் புதிய கொசுவாகப் பறக்கும் என்பதை நினைத்தால், அப்பள்ளத்தை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்க மனம் வராது.

பாசி படிந்தால் கெட்டியான துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். போதாதாயின், சலவைத் தூளைச் சிறிதளவு நீரில் கரைத்துத் தெளித்து, தேய்த்து, மிகுந்த நீரால் கழுவிவிடலாம். புதிய சிமெண்டுக் கற்களில் வெண்மையாக உப்புப் பூத்தால் அஞ்ச வேண்டியதில்லை. உலர்ந்த தூரிகையால் தேய்த்து வந்தால் நாளடைவில் மறையும். ஆனால் கறை போக்குவதற்கென்று ஆசிட்டை மட்டும் கையில் எடுக்கவே கூடாது. கோட்டா, சகாபாத், கடப்பைக் கற்கள் மூன்றும் சுண்ணாம்புக் கற்களாதலால், ஆசிட் பட்ட இடம் நுரைத்து அரிக்கப்பட்டு, என்றும் மாறாத வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். சலவைத் தூளோடு ஆசிட்டைக் கலந்தாலோ குளோரின் என்னும் நச்சுவாயு எழும்; அது உயிருக்கே ஆபத்து. வீட்டு வேலைக்கு உதவும் பெண்களுக்கும் இதனை அவரவர் மொழியில் விளங்கச் சொல்லிவைக்க வேண்டும்.

அரசுக் குடியிருப்புகளில் வாழ்வோர் முன்னனுமதி பெறாமல் தரையில் கைவைக்கலாகாது. அடுக்குமாடிகளில் வாழ்வோர்க்கு முற்றம் தனிப்பட்ட உடைமை அன்று. கூட்டுறவுச் சங்கமே அதனை முடிவு செய்யும். அத்தகைய சங்கங்களில் நம்மவர் பலர் உறுப்பினராக உள்ளனர். கற்களின் விலைப்புள்ளிகளை ஒப்பிடும் கூட்டத்தில், "வாட்டம் எந்தப் பக்கம்? அடியில் ஜல்லி எவ்வளவு? மரத்தடியில் எவ்வளவு இடம் விடுகிறோம்? கல்லை நீர் விட்டு அறுப்பார்களா?" என்று நான்கு கேள்விகளைக் கேட்பவர் ஒருவர் இருந்தாலும், அவ்வளாகத்தில் வாழும் அனைவர்க்கும் அது பெரும் நன்மை.

வேலை முடிந்து கணக்குத் தீர்க்கும்போது, ஒரு சிறு தொகையை முதல் மழை வரை நிறுத்திவைத்துத் தருவதாக முன்னதாகவே ஒப்பந்தக்காரரோடு பேசி உடன்படிக்கை செய்துகொள்வது இருவர்க்கும் நல்லது. அன்றாடக் கூலிக்கு வந்தவர்களின் ஊதியத்தை மட்டும் ஒரு நாளும் நிறுத்தலாகாது. முதல் மழை பெய்யும் நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். நீர் சுவரை விட்டு விலகி, அயலாரைத் துன்புறுத்தாமல், மரத்தடிக்கும் குழிக்கும் தானாக நடந்து செல்லுமாயின், கல் பாவியவர் தம் வேலையைச் செம்மையாகச் செய்திருக்கிறார். நிறுத்திவைத்த தொகையை அன்றே கொடுத்துவிடலாம்.